ரத்தத்தில் குருத்து

“இது எதுக்குப்பா?”

“கம்பெனி கிளவுஸ், அக்கா. குளிப்பாட்டுறவங்க போட்டுக்கட்டும்.”

“செத்த மனுசனத் தொடறதுக்கு கிளவுஸா? நல்லாயிருக்கு போ.”

“அப்பாவுக்கு வெறும் தோல் வியாதி இல்லக்கா. ரத்தத்துலயே குருத்து விட்டுருச்சு.”

“குருத்தா? யார் சொன்னது?”

“பெங்களூர் ஆஸ்பத்திரியில. ரத்தம் எடுத்த பொண்ணு. ரக்ததல்லி குருத்துன்னு கன்னடத்துல சொல்லுச்சு.”

வீட்டுச் சொந்தக்காரி நஞ்சம்மா கன்னடக்காரி. அவள் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு பூபதியைப் பார்த்தாள்.

“அது குருத்து இல்லப்பா, குருது. அப்படின்னா அடையாளம். ரத்தத்துல ஒரு அடையாளம் தெரியுதுன்னு சொல்லியிருக்கும்.”

பூபதி வாசல் பக்கம் திரும்பினான். வாசலில், பெஞ்சின்மேல் அவன் அப்பா அண்ணாதுரை கிடந்தார். காலையில் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி அங்கேயே சரிந்துவிட்டார். சொரியாசிஸுக்கு வெயில் நல்லது என்று சட்டையைக் கழற்றிவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார். நஞ்சம்மா மேலே வந்தால், “வத்தல் போட வந்தீங்களா? எம் பக்கத்துலயே போடுங்க, ரெண்டும் சேர்ந்து காயட்டும்” என்பார்.

“உங்கப்பாவுக்குக் கன்னடம் நல்லா வருமே,” என்றாள் நஞ்சம்மா. “அவரு சொல்லலையா?”

சொல்ல வந்தார். போன வருடம், அந்த ஆஸ்பத்திரியில் சொரியாசிஸ் நோயாளிகளின் ரத்தத்தை வைத்து ஏதோ ஆராய்ச்சி நடந்தது. மைக்ரோ ஆர்என்ஏ என்று மிக நுண்ணிய துணுக்குகளாம். அவை கூடுவதையும் குறைவதையும் வைத்து நோயின் போக்கை அறிய முடியுமா என்று தேடுவதாக டாக்டர் விளக்கினார். இது தொற்றாது என்றும் சொன்னார். பூபதி தலையாட்டினான். அவன் மனதில் தங்கியது அந்தப் பெண் சொன்ன ஒரு சொல் மட்டும்தான். திரும்பும்போது, அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, அப்பாவின் நரம்புகளுக்குள் வெளிறிய முளையொன்று மெல்ல நகர்வதை அவன் கண்டான். அப்பாவோ பஞ்சு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டி, “என் ரத்தத்த வச்சு ஆராய்ச்சி பண்றாங்கடா” என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே தனித் தட்டு, தனி வாளி என்று ஆயிற்று. பேத்திப் பாப்பாவைத் தூக்கக் கை நீட்டியவரிடம், “வேணாம்ப்பா, உங்க ரத்தத்துல குருத்து விடுதாம்” என்றான்.

“அது குருத்து இல்லடா...”

“நீங்க சும்மா இருங்கப்பா. எல்லாம் எனக்குத் தெரியும்.”

அவர் சும்மா இருந்தார். அதன் பிறகு பாப்பா தவழ்ந்து வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். முதலில் பஸ்ஸில் வந்து வேலைக்குச் சேர்ந்து, பிறகு குடும்பத்தை விருதுநகரிலிருந்து ஓசூருக்கு அழைத்துவந்த மனிதர். கன்னடக்காரர்களோடு இருபத்தைந்து வருடம் லேத்தில் நின்றவர். அவருக்குத்தான் அந்தச் சொல் தெரிந்திருந்தது.

“எண்ணெய் வைக்கிறவங்க வாங்க,” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பூபதி கையுறைகளைத் திரும்பப் பையில் திணித்தான். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இறந்தவர்களுக்கு வைக்கிற முறைப்படி புறங்கையை எண்ணெயில் தொட்டு, தலையில் பட்டும் படாமலும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். சிலர் கையை உடனே வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். அவர்களை அவன் எதுவும் சொல்ல முடியாது. அப்படித் துடைக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

அவன் முறை வந்தது. அப்பாவின் தோள்களில் செதில்கள் வெயில் பட்டு மினுங்கின. புறங்கையை எண்ணெய்க் கிண்ணத்தருகே கொண்டுபோனான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பொற்கொடி அவன் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பினாள்.

“முறை எனக்கும் தெரியும்,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “நீ உள்ளங்கையால வையேன்ப்பா.”