நூறு என்று காட்டிய விளக்கு

லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால், டயர் மாற்றும் கடைக்கும் தரை ஓடுகள் விற்கும் கடைக்கும் நடுவில் கிரேக்கின் களஞ்சியம் வரும். படப்பிடிப்புகளுக்கு விளக்குகளை வாடகைக்குக் கொடுக்கும் இடம் அது. திரும்பி வருகிற விளக்குகளைத் துடைத்து, வயர்களைச் சோதித்து, பழுதானவற்றைக் கழற்றித் திருத்திப் பூட்டுவது நொயலின் வேலை. பேசாலை என்ற மீன்பிடி ஊரில் ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக்காக இருந்து, படகில் வந்து சேர்ந்தவன். அவனுடைய தற்காலிக விசாக் கடிதத்தைப் பார்த்த பிறகும் நாளைக்கு வேலைக்கு வா என்று சொன்ன முதல் ஆள் கிரேக்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நன்றி நொயலுக்குள் எப்போதும் இருந்தது. அதனால்தான் அந்த வாரம் அவனுக்கு அவ்வளவு கடினமாகப் போனது.

ஜனவரி கடைசியில், இந்த நாட்டின் உச்சக் கோடையில், ஒரு திங்கட்கிழமை, களஞ்சியத்துக்குப் புது விளக்கு ஒன்று வந்தது. பகல் வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. பழைய பெரிய விளக்குகளுக்கு ஜெனரேட்டர் வேண்டும். இதற்கோ வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் போதும். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினால் அறைக்குள் வெயில் விழுகிற மாதிரியே இருக்கும் என்று கூடவந்த புத்தகம் சொன்னது. கொண்டுவந்தவன் அந்தக் கம்பனியின் விற்பனை முகவர் அருந்தவன். யாழ்ப்பாணத்துப் பெடியன், பேச்சில் கெட்டிக்காரன். வெள்ளிக்கிழமைக்குள் சோதித்து ஒரு பக்கம் எழுதித் தரும்படி கிரேக் நொயலிடம் சொன்னார். சரியென்றால் ஆறு விளக்கு எடுப்பதாக இருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் வர்ஷா. சென்னையிலிருந்து படிக்க வந்து, இங்கேயே ஒளிப்பதிவாளராகிவிட்டவள். அடுத்த வாரம் ஹோம்புஷில் ஒரு முதல்மாடி ஃபிளாட்டில் அவளுக்குப் படப்பிடிப்பு. ஒரு தாயும் மகளும் காலை வெயிலில் இருந்து பேசுகிற ஒரே காட்சி, பதினொரு பக்கம். உண்மையான வெயில் அந்த அறையின் இரண்டு ஜன்னல்களிலும் நாற்பது நிமிடம்தான் நிற்கும். காலை முதல் மாலை வரை காலை பத்து மணியை ஜன்னலில் நிறுத்திவைக்க வேண்டும். ஜெனரேட்டர் சத்தத்துக்குக் கட்டடத்துக்காரர்கள் சம்மதிக்கவில்லை. அனுமதியும் ஒரு நாளுக்குத்தான்.

திங்கள் முற்பகலே நொயல் விளக்கைக் களஞ்சியத்துக்குள் ஒரு மணி நேரம் எரித்துப் பார்த்தான். ஐந்து மீற்றர் தள்ளி வெளிச்சமானியை வைத்து அளந்தான். பதினாலாயிரத்து இருநூறு லக்ஸ். நல்ல, சுத்தமான வெளிச்சம். விசிறிச் சத்தமும் இல்லை. அப்போதே எழுதிக் கொடுத்திருந்தால் எவரும் அவனைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் இந்த விளக்கு நிற்கப்போவது நிழலில் அல்ல, கார் நிறுத்துமிடத்துத் தாரில், நடுப்பகல் வெயிலில் என்பது அவன் மனதைவிட்டுப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை முப்பத்தேழு பாகை செல்சியஸ் வெயில். நொயல் விளக்கைப் பின்முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். உருட்டுக் கதவைப் பாதி இறக்கி, மீதிக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு ஜன்னல் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டான். விளக்கு வெளியே வெயிலில் நின்றது. அதன் வெளிச்சம் உள்ளே இருட்டில் விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே போய் அளந்து கொப்பியில் எழுதினான். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் அளவு பன்னீராயிரத்து அறுநூறுக்கு இறங்கியது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் பத்தாயிரத்து எழுநூறு. வெளிச்சத்தில் கால்வாசி காணாமல் போயிருந்தது. நிறமும் நீலப் பக்கம் சாய்ந்திருந்தது. வெளியே ஓடிவந்து விளக்கின் திரையைப் பார்த்தான். அது நூறு வீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அந்த இலக்கத்தையும் கொப்பியில் எழுதினான். பேசாலையில் குளிர் அறையின் மானி சரியாகக் காட்டவில்லை என்று அவனுக்குத் தோன்றிய ஒரு நாள் இருந்தது. கையை உள்ளே விட்டால் குளிர் போதவில்லை. மானியோ எல்லாம் சரியென்றது. மானியை நம்பு, கையெழுத்தை வை என்றார் முதலாளி. அவன் வைத்தான். இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டு படகுகளின் மீனைக் கடற்கரையில் குழிவெட்டிப் புதைத்தார்கள். அவனை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறான்.

தொலைபேசியில் சொன்னபோது அருந்தவன் பொறுமையாகக் கேட்டான். வயர் நீளமாக இருந்தால் மின்சாரம் குறையும், உங்கள் வெளிச்சமானியும் பழையதாக இருக்கலாம் என்றான். இரண்டும் நியாயமான சந்தேகங்கள். ஆகவே புதன்கிழமை நொயல் சின்ன வயரைப் போட்டு, பிளக்கில் மின் அழுத்தத்தை அளந்து எழுதினான். வர்ஷாவிடம் அவளுடைய புது வெளிச்சமானியை இரவல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் இரண்டும் ஒன்றாக இறங்கின. திரை நூறு என்றே சொன்னது.

கிரேக்குக்கு இது பிடிக்கவில்லை. மற்ற வாடகைக் கடைகள் இதை ஏற்கெனவே வாங்கிவிட்டன, ஒருவரும் குறை சொல்லவில்லை, நீ ஏன் துருவிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். கால்வாசி குறைந்தால் கமராவில் சரிசெய்யலாம் என்றும் சொன்னார். நொயல் வாக்குவாதப்படவில்லை. நாளைக்கு நீங்களும் வந்து பக்கத்தில் இருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அருந்தவனையும் வரச் சொன்னான்.

வியாழக்கிழமை வர்ஷா கமராவோடு புஸ்பராணியையும் கூட்டிவந்தாள். படத்தில் தாயாக நடிப்பவர் அவர்தான். அறுபத்தாறு வயது, முன்பு நடித்துப் பழக்கமில்லாதவர். ஒரு மணி நேரம் சும்மா இருக்கவேண்டும் என்று வர்ஷா விளக்கியதும், வேலை லேசுதான் என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். வெளியே முப்பத்தெட்டுப் பாகை. களஞ்சியத் தகரம் வெப்பத்தில் சடசடத்தது.

ஐந்தாவது நிமிடத்தில் வர்ஷா அவர் முகத்தைப் படம் பிடித்தாள். ஐம்பதாவது நிமிடத்தில், எதையும் மாற்றாமல், திரும்பப் பிடித்தாள். கமராத் திரையில் இரண்டு முகங்களையும் அருகருகே வைத்தாள். முதல் முகத்தில் மண்ணிறத் தோல் உயிரோடு மினுங்கியது. கன்னத்து மடிப்புகள்கூட இதமாக இருந்தன. இரண்டாவதில் அதே தோல் சாம்பல் பூத்து, கண்களுக்குக் கீழே பள்ளம் விழுந்து, காய்ச்சலில் படுத்தெழும்பியவர் போல இருந்தார். வர்ஷா கமராவில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். வெளிச்சம் கூடியது, சாம்பல் போகவில்லை.

புஸ்பராணி எழும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

“இந்தப் பிள்ளையின்ர படத்தில நான் காலமையில இருந்து மகளோட ஒரு கதைதான் கதைக்கிறன்,” என்றார் நொயலிடம். “இடையில எனக்கு ஏன் இப்பிடிக் காய்ச்சல் வருத்தம் வந்தது எண்டு பாக்கிற சனம் கேக்காதோ தம்பி?”

கிரேக்குக்குத் தமிழ் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போனார். அங்கே அருந்தவன் விளக்கின் திரையை விரலால் தட்டிக்கொண்டு நின்றான். நூறு என்ற இலக்கம் அசையவில்லை. அவன் அங்கேயே நின்று கம்பனியின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் எடுத்தான். கனநேரம் பேசினான். பிறகு நொயலிடம் வந்தான்.

“அண்ணை, நீங்கள் சொன்னது சரி. சூடு கூடினால் அது தன்னைக் காப்பாத்தத் தானாவே குறைக்குமாம். திரையில காட்டாதாம். அவையள் ஏசி அறையில வைச்சுத்தான் அளந்தவை.” பிறகு சொன்னான்: “எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன்.”

அவன் முகத்தைப் பார்த்தபோது அது உண்மை என்று நொயலுக்குத் தெரிந்தது.

கிரேக் விளக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். வெள்ளி மதியத்துக்குள் அறிக்கை, இரண்டு வரி போதும், விளக்கு கூடாது, எடுக்கவேண்டாம் என்று எழுது என்றார். வர்ஷாவின் முகம் விழுந்துவிட்டது. வேறு விளக்குக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் என்றால் ஃபிளாட் இல்லை. ஃபிளாட் இல்லையென்றால் அவளுக்குப் படமே இல்லை.

நொயல் விளக்கைச் சுற்றி வந்தான். ஐஸ் தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தையும் அதன் எல்லையில் வைத்து ஓட்டியதில்லை. கொஞ்சம் குறைத்துப் பிடித்தால் கோடை முழுக்க ஓடும். இதற்கும் அப்படி ஓர் அளவு இருக்கத்தான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் வேண்டும். நாளை மாலை வரை நேரம் தாருங்கள் என்று கிரேக்கிடம் கேட்டான். கிரேக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடாது என்று தெரிந்த பிறகு எதற்கு இன்னொரு நாள் என்றார்.

ஒன்பது ஆண்டுகளில் நொயல் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது தன் ஆங்கிலத்தில், சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினான்.

“திங்கட்கிழமை நல்லது என்று எழுதியிருந்தால் அது பொய். இன்றைக்குக் கூடாது என்று எழுதினால் அதுவும் பொய். என் பெயர் போடுகிற தாளில் நான் அளந்து பார்த்ததுதான் இருக்கும்.”

கிரேக் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நாளை ஐந்து மணி, அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே நொயல் முற்றத்தில் நின்றான். வெயில் ஏறும்வரை காத்திராமல், விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தகரங்களை நிறுத்திச் சூட்டைக் கூட்டினான். தொண்ணூறு வீதத்தில் எரித்தான். ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்துப் பிறகு சரிந்தது. ஆறவிட்டான். எண்பதில் எரித்தான். பத்தரை மணிக்குப் பதினோராயிரத்து முந்நூறு. நடுப்பகலிலும் அதே அளவு. மதியம் அருந்தவன் தோசைப் பொதியோடு வந்து, கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு, தானே உள்ளே போய் அளந்து சொல்லத் தொடங்கினான். ஒருவர் மாறி ஒருவர் சாப்பிட்டார்கள். இரண்டரை மணிக்கும் அதே பதினோராயிரத்து முந்நூறு. நிறம் ஒரு துளியும் அசையவில்லை.

நாலரைக்கு நொயல் அறிக்கையை எழுதி முடித்தான். ஒரு பக்கம்தான். நிழலில் நூறு வீதம் நம்பலாம். வெயிலில் எண்பதுக்கு மேல் போகக்கூடாது. போனால் திரையை நம்பவேண்டாம். எண்பது வீதத்தில் இது நல்ல விளக்கு. தூரத்திலிருந்து ஒரு விளக்கால் இரண்டு ஜன்னலை நிரப்பமுடியாது. ஜன்னலுக்கு ஒன்றாக, கிட்ட வைக்கவேண்டும். கீழே முழுப் பெயரையும் எழுதினான். கிரேக் இரண்டு தரம் வாசித்தார். எடுக்க நினைத்திருந்த ஆறு விளக்கை நாலாக்கினார். கம்பனியின் புத்தகத்தை எடுத்துவிட்டு, நொயலின் தாளை ஒவ்வொரு விளக்குப் பெட்டிக்குள்ளும் வைக்கச் சொன்னார்.

படப்பிடிப்பு நாளில் முப்பத்தொன்பது பாகை. ஹோம்புஷ் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்தில் உயரமான ஸ்டாண்டுகளில் இரண்டு விளக்குகள் நின்றன, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி. நொயல் கீழே விளக்குகளுக்குப் பக்கத்தில் நிற்காமல், மேலே ஜன்னலோரம் வெளிச்சமானியோடு குந்தியிருந்தான். அரை மணிக்கொரு தரம் வர்ஷா அவன் பக்கம் திரும்புவாள். அவன் அளவைச் சொல்வான். அவள் கமராவைத் தொடாமலே அடுத்த ஷாட்டுக்குப் போவாள். மதியத்துக்குள் ஆறு பக்கம் முடிந்தது.

நாலு மணிக்கு வெயில் கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டது. அறைக்குள் இன்னமும் காலை பத்து மணி. புஸ்பராணி மகளாக நடித்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தை ஒரு பிழையும் விடாமல் பேசி முடித்தார். வர்ஷா உடனே கட் சொல்லவில்லை. அவர் முகத்தில் விழுந்த வெளிச்சத்தை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள்.

“எவ்வளவுண்ணா?” என்று மெல்லக் கேட்டாள், கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“காலமை இருந்ததுதான்,” என்றான் நொயல்.