மிதக்க விடாத தண்ணீர்

நகரத்துச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குச் சோதனைக்கூட வேலை. தினமும் காலை பத்து மணிக்கு, நீளக் கம்பின் நுனியில் குவளை கட்டி, பெரிய தொட்டியிலிருந்து மொண்டு வருவாள். அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் சேறு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். சில நாள் படிந்த சேறே கட்டி கட்டியாக மேலே கிளம்பி வந்துவிடும். பொடிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டதால் அதன் கனம் குறைந்துபோயிருக்கும். அதைப் பார்ப்பதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை.

அவளுக்குப் பயமெல்லாம் தொட்டியிடம்தான். மூன்று ஆள் ஆழம். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேண்டுமே என்று, அடியில் பதித்த குழாய்கள் வழியாக இரவு பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். மேற்பரப்பு முழுவதும் பழுப்பு நுரை பொங்கிப் புரளும். வேலைக்குச் சேர்ந்த அன்றே நிலையத்துப் பொறியாளர் அம்மா எச்சரித்திருந்தார். தண்ணீரைவிட மனித உடம்பு ஒரு துளி இலேசு, அதனால்தான் மிதக்கிறோம். தண்ணீருக்குள் காற்றைக் கலந்துவிட்டால் தண்ணீர் உடம்பைவிட இலேசாகிவிடும். அப்புறம் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் கல்தான். விழுந்தவனைக் காப்பாற்றக் குதிப்பவன் இரண்டாவது கல்.

இதை அன்று சாப்பாட்டின்போது அவள் வீட்டில் சொன்னாள். அக்காவும் அக்கா கணவரும் இருக்கும் வீட்டில்தான் அவளும் இருந்தாள். அதே நிலையத்தில் அத்தான் ஃபிட்டர். பத்து வயதில் ஆற்றை நீந்திக் கடந்தவர், தண்ணீரில் விழுந்த மூன்று பேரைத் தூக்கி வந்தவர். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே நீர்க்காக்கை. அவர் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார். தண்ணீர் என்றால் தண்ணீர்தான், அதில் என்ன இலேசு, என்ன கனம் என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். வாளித் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிறவள் நீச்சலைப் பற்றிப் பேசுகிறாளே என்று அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கம்பும் குவளையுமாகப் போனபோது, தொட்டியின் குறுக்கே போகும் இரும்பு நடைபாதையில் அத்தான் குனிந்து ஏதோ கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கைப்பிடிக் கம்பியில் ஒரு துண்டைப் பெயின்ட் அடிக்கவென்று எடுத்துப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. அவளைப் பார்த்து ஏதோ கேலி பேச நிமிர்ந்தவர், ஒரு அடி பின்னால் வைத்தார். கயிறு அவிழ்ந்தது.

அவர் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. காற்றின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

முதலில் தலை தெரிந்தது. கைகளை வீசி வீசி அடித்தார். எத்தனையோ முறை அவள் கரையில் நின்று பார்த்த அதே வீச்சு. ஆனால் உடம்பு ஒரு அங்குலம் நகரவில்லை. முகம் மேலே வந்தது, நுரை மூடியது, மறுபடி வந்தது. அந்த முகத்தில் திகைப்பு இருந்தது. நடைபாதையில் மண்டியிட்டுக் கம்பை நீட்டினாள். எட்டவில்லை. முழங்கை தூரம் குறைந்தது. சுவரில் மாட்டியிருந்த மிதவை வளையத்தை எடுத்து எறிந்தாள். அது நுரையில் பாதி அமிழ்ந்து, சுழன்று, எதிர்ப்பக்கமாக ஓடியது.

சேறு அள்ளும் லாரியின் டிரைவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்தார். வரும்போதே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குதிக்காதீங்கண்ணே. நீங்களும் போயிடுவீங்க."

"விடும்மா, கண்ணு முன்னாடி போறாரே."

"காத்த நிறுத்தினாத்தான் மேல வருவார். நான் நிறுத்துறேன். நீங்க கம்போட இங்கயே நில்லுங்க. சத்தியமா குதிக்காதீங்க."

நடைபாதை முனையில் காற்றை நிறுத்தும் சிவப்பு பட்டன் இருந்தது. அதைக் கைமுட்டியாலேயே குத்தினாள். மறுபடி குத்தினாள். தொட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. அடிக்கடி யாராவது தெரியாமல் அழுத்திவிடுகிறார்கள் என்று அதன் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தது அவளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

இனி காற்று ஊதும் யந்திரங்களின் கட்டடம்தான். இருநூறு அடி தூரம். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அத்தானின் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. பார்க்கும்போதே நுரை மூடியது. அவள் அவருக்கு முதுகைக் காட்டி ஓடினாள்.

அந்த ஓட்டத்தில் கால்கள் அவளுடையவையாக இல்லை. ஒரு செருப்பு கழன்றது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண் தலைக்குள் தானாக ஓடியது. நாற்பதைத் தாண்டியபோது, அவர் இன்னமும் மேலே வந்துகொண்டிருக்கிறாரா, ஒரேயடியாகப் போய்விட்டாரா என்ற நினைப்பு வந்தது. அக்காவிடம் எந்த முகத்தோடு போவது என்ற நினைப்பை நெருங்கவிடாமல் எண்ணிக்கொண்டே ஓடினாள்.

கட்டடத்தில் ஆள் இல்லை. மூன்று யந்திரங்கள் ஓடின. காதைக் கிழிக்கும் சத்தத்தில் அவளால் தன் மூச்சையே கேட்க முடியவில்லை. பலகை நிறைய விளக்குகள், சுவிட்சுகள். எது எதற்கென்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. கண்ணில் பட்டதிலேயே பெரிதாக இருந்த கைப்பிடியைப் பிடித்து, உடம்பின் எடையை எல்லாம் போட்டுக் கீழே இழுத்தாள். அது அசையவில்லை. காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். டொக்கென்று விழுந்தது. விளக்குகள் அணைந்தன. யந்திரங்கள் முனகி முனகி ஓய்ந்தன.

அதுவரை அப்படி ஒரு நிசப்தத்தை அந்த இடத்தில் அவள் கேட்டதில்லை. திரும்பி ஓடியபோது தன் வெறுங்கால் சத்தம் அவளுக்கே கேட்டது.

தொட்டியில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தன. தண்ணீர் வெறும் பழுப்புத் தண்ணீராகத் தட்டையாகக் கிடந்தது. அதில் யாரும் இல்லை. டிரைவர் கம்பைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவள் வாய்க்குள் எண்ணினாள். மார்பில் கொஞ்சமாவது காற்று மிச்சமிருந்தால் வருவார். அதுவும் தண்ணீராகிவிட்டிருந்தால், தண்ணீர் எவ்வளவு கனத்தாலும் வரமாட்டார். இதை அவள் படித்திருந்தாள். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

பதினேழு எண்ணும்போது, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வெகு தள்ளி, நீலச் சட்டையின் முதுகு மெல்ல மேலே வந்தது.

டிரைவர் நடைபாதையில் அந்தப் பக்கம் ஓடி, கம்பு நுனிக் குவளையைக் காலரில் மாட்டி இழுத்தார். இருவருமாக நடைபாதைமேல் தூக்கிப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. டிரைவர் மார்பை அழுத்த, அவள் வாயைத் துடைத்து ஊதினாள். நாற்றமெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு இருமல், கூடவே கறுப்புத் தண்ணீர், அப்புறம் ஒரு குழந்தை அழுவதுபோல ஒரு இழுப்பு. டிரைவர் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

ஆபத்து அதோடு தீரவில்லை. உள்ளே போன சாக்கடை நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். இரண்டு நாள் ஐந்து நாளானது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. இதற்கிடையில், தங்கை அவரை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று தூரத்தில் நின்று பார்த்த யாரோ அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனை வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் அக்கா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் வந்து நடந்ததைச் சொன்ன பிறகும், அக்கா அவள் கையை ஒருமுறை பற்றிவிட்டு விட்டுவிட்டாள். உள்ளே படுத்திருக்கிறவர் பிழைக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பதுபோல இருந்தது அந்தப் பிடி.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. அத்தான் அவளைக் கூப்பிட்டனுப்பினார். குரல் கரகரத்தது.

"கைய வீசுறேன், கையில தண்ணியே மாட்டல. வெறும் நுரைய அடிக்கிற மாதிரி இருந்துச்சு. எந்தத் தண்ணியும் எனக்கு அப்படிப் பண்ணினதில்ல."

அவர் இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நீ திரும்பி ஓடுனத பாத்தேன். அவ்வளவுதான், இவளும் பயந்து ஓடிட்டான்னு நெனச்சேன்."

"பயந்துதான் ஓடினேன், அத்தான்."

 அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

வெளியே வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கியபோதுதான் கை நடுங்கத் தொடங்கியது. ஆறு நாளாக வராத நடுக்கம். மடியெல்லாம் நனைந்தது. அக்கா டம்ளரை வாங்கி, தன் கையாலேயே அவள் வாயில் வைத்து, மெதுவாகக் குடிக்கச் சொன்னாள்.