என் பூட்டில் கைவைக்காதீர்கள்

வேலையிடத்தில் அவர் எனக்கு சார். வீட்டில் அத்தான், என் அக்காவின் புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதற்காக அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட நான் என்ன பொம்மையா?

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எங்களுடையது. அங்கே நான் ஷிப்ட் இன்ஜினியர். உப்பைத் தடுக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வுச் சுருள்கள் நீளக் குழாய்களுக்குள் வரிசையாகக் கிடக்கும். கடலில் பாசி பெருகிய சமயம், அவற்றின் மேல் வழுவழுவென்று அழுக்குப் படிந்து தண்ணீர் வரத்து பாதியாகிவிட்டது. நிறுத்திக் கழுவலாம் என்று போன வாரமே அத்தானிடம் சொன்னேன். காதில் வாங்கினால்தானே! இன்று மதியம் முதலாளியம்மா பார்வையிட வருகிறார் என்றதும்தான் மனுஷருக்கு வியர்த்தது.

"குளோரினை முறிக்கிற மருந்துப் பம்பை ஒரு மணி நேரம் நிறுத்து," என்றார். "குளோரின் உள்ள போகட்டும். அழுக்கெல்லாம் செத்து ஒழியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசியைக் கொல்லக் கடல்நீரில் குளோரின் கலப்போம். மெம்பிரேனைத் தொடுவதற்கு முன் அதை முறித்துவிடுவோம். முறிக்காமல் விட்டால் மெம்பிரேனையே தின்றுவிடும்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து யாராவது வீட்டைக் கொளுத்துவாங்களா, அத்தான்?"

"வரத்து ஏறுமா, ஏறாதா? அத மட்டும் சொல்லு."

"ஏறும். மெம்பிரேன் சல்லடையானா ஏறாம என்ன செய்யும்? இன்னைக்குக் கைதட்டுவாங்க. அப்புறம் ஊரே உப்புத் தண்ணி குடிக்கும்."

"ரொம்பப் பேசாத. முடியாதுன்னா வீட்டுக்குப் போ, நானே செஞ்சுக்கறேன்."

செய்யக்கூடியவர்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போனால் போகிறது, இந்த மெம்பிரேன்களைச் சாகவிட மாட்டேன் என்று விறுவிறுவென்று கீழே இறங்கினேன்.

இயந்திரத்துக்குள் கை விடுகிறவர் ஸ்விட்சை அணைத்து அதில் தன் சொந்தப் பூட்டைப் போடவேண்டும். போட்டவரைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது. இது எங்கள் நிலையத்தின் விதி. குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் பெரிய பம்பை நிறுத்தினேன், என் பூட்டைப் போட்டேன், சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரும் நானும் ஒரு குழாயின் மூடியைக் கழற்றி முதல் சுருளை இழுத்தோம். பழுப்புக் கோழை ஒழுகியது. அழுகிய மீன்போல் நாறியது.

"சார் கத்துவாரே மேடம்," என்றார் பிட்டர்.

"கத்தட்டும்ணே. தொண்டை அவரோடது."

சொல்லி வாய் மூடவில்லை, அத்தான் ஓடிவந்தார். "பூட்டைத் திற!"

"கை உள்ள இருக்கு சார்."

"உங்க அக்காகிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லுங்க. உப்புத் தண்ணியில சமைக்கப்போறது அவதான்."

அவர் முகம் கறுத்தது. பிட்டர் பக்கம் திரும்பினார். "கட்டரை எடுத்து அந்தப் பூட்டை வெட்டு!"

பிட்டர் கையுறையைக் கழற்றினார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. "அன்னைக்கு எவனோ என் பூட்டை வெட்டினான் சார்," என்றார். "நான் வெட்டமாட்டேன்."

அத்தானால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் கார் வந்துவிட்டது.

"ஏன் எல்லாம் நிக்குது?" என்றார் முதலாளியம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இந்தப் பொண்ணு கேக்காம நிறுத்திட்டா மேடம். இப்பவே வேலையை விட்டு எடுத்துட்டேன்."

குளோரின் சங்கதியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நான் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். கோழை வழியும் சுருளை அந்த அம்மாவின் பளபளக்கும் செருப்புக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் சுருளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"வேலையை விட்டு எடுத்தாச்சுன்னா கிளம்பவேண்டியதுதானே," என்றார்.

"கிளம்பறேன். கழுவி ஓட்டிக் காட்டிட்டுக் கிளம்பறேன். அதுவரைக்கும் பூட்டு இருக்கும்."

கையைத் தோள்வரை குழாய்க்குள் விட்டு அடுத்த சுருளைப் பற்றினேன்.

"இழுங்கண்ணே," என்றேன்.

மிச்சமிருந்த மூன்று விரலாலும் இறுகப் பிடித்து இழுத்தார்.