பொடி எழுத்து

அடித்தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பால்மாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடையில் மலிவானதெல்லாம் கீழேதான் இருக்கும். குனியத் தெரிந்தவனுக்கு லாபம். மூட்டை தூக்கிய முதுகுக்குக் குனிய யாரும் சொல்லித்தர வேண்டாம். எழுத்துதான் ஐம்பது வயதில், தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில் வந்தது. முன்பக்கத்துப் பெரிய எழுத்து தடையில்லாமல் ஓடிவிடும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைத் தொட இந்த மாதம்தான் தைரியம் வந்தது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

‘கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.’

தப்பாகக் கூட்டுகிறேன் என்று நினைத்து, சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் நீட்டினேன்.

“இதுல என்னம்மா போட்டிருக்கு?”

“டீயில கலக்குற பவுடர்ங்கய்யா. புள்ளைங்களுக்கு உள்ளது மேல் தட்டுல இருக்கு. பேரப்புள்ளைக்கா?”

“சேச்சே, டீக்குத்தான்” என்றேன்.

ஐந்து மாதமாக இதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மகள் துணி ஆலைக்குத் திரும்பியதும் தாய்ப்பால் வற்றியது. பேத்திக்குப் பால்மாவு வாங்குவது என் பொறுப்பு. மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டு பாக்கெட்டிலும் ஒரே மாதிரி மாட்டுப் படம். இதன் விலையோ மூன்றில் ஒன்று. “மாடு ஒண்ணுதானே, படத்துக்கா காசு?” என்று கூட மூட்டை தூக்கும் மொட்டையிடம் பீற்றிக்கொண்டேன். “உன்ன மாதிரி சாமான் வாங்க ஒருத்தன் பொறந்து வரணும்டா” என்றான் அவன். காற்றுப் பட்டால் கட்டிதட்டிப்போகும் என்று, வரும் வழியிலேயே பாக்கெட்டைக் கிழித்து, கையோடு கொண்டுபோன டப்பாவில் கொட்டிவிடுவேன். மகள் படித்தவள். ஒரே ஒரு பாக்கெட் அவள் கண்ணில் பட்டிருந்தால் போதும்.

போன வாரம் நர்ஸம்மா தராசைப் பார்த்துவிட்டு, “எட்டு மாசத்துக்கு இந்த எடையா? என்ன குடுக்குற?” என்று மகளிடம் கேட்டாள்.

“பால்மாவுதான்க்கா. எங்கப்பா ஒரு நாளும் தீர விட்டதில்ல.”

“அப்ப இன்னொரு கரண்டி கூட்டிப் போடு.”

அதற்காகத்தான் இன்று இரண்டு பாக்கெட் வாங்க வந்திருந்தேன். எண்ணெய், பருப்பு, சோப்பு மூன்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வெளியே சாக்கடையோரம் பழைய மாவைக் கொட்டி, டப்பாவைக் கழுவித் துடைத்துப் புதியதை நிரப்பினேன்.

வேலை முடிந்து வந்த மகள் டப்பாவுக்குள் கரண்டியை விட்டதும் நின்றாள்.

“என்னப்பா, மாவு மஞ்சளா இருக்கு? கடைக்காரன் ஏமாத்திட்டானா?”

“புதுசா வந்திருக்காம். அதே வெலதாம்மா.”

“அதானே, உங்களப் போய் யாரு ஏமாத்துறது” என்று சிரித்தாள். “எண்ணெய் எங்கப்பா?”

“தீந்துபோச்சாம்.”

பேத்தி குடித்தாள். பால் முடிந்த பிறகும் காம்பை விடவில்லை. வெறும் பாட்டிலுக்குள் காற்று கீச்சுக் கீச்சென்றது. மகள் மெல்ல இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. என் கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத மணிக்கட்டுள்ள கைகள் இரண்டும் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தன.