டெய்லரம்மாவின் கோடு

டெய்லரம்மாவின் முன்கையில் தோல் புற்றுநோய்க் கட்டி. போதாதற்கு, உடம்பே தன் தோலைப் பகையாக நினைத்துக் கொப்புளம் கிளப்பும் அபூர்வ நோய் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் கிடைத்ததில் தலைமை மருத்துவருக்கு லாட்டரி அடித்த சந்தோஷம். பத்து மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, தான் பெற்ற பிள்ளையைப் போல அந்தக் கட்டியைக் காட்டினார்.

"எப்ப டாக்டர் வெட்டி எடுப்பீங்க?"

"அவசரப்படாதீங்கம்மா. அடுத்த மாசம் மாநாடு இருக்கு. பெரிய பெரிய ஆளுங்க இதைப் பார்க்கணும்."

"அப்ப இதை மட்டும் கூட்டிட்டுப் போங்க. நான் எதுக்கு?"

மாணவர்கள் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டெய்லரம்மா பையிலிருந்து துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்து, தையலுக்கு விடும் பழக்கப்படி அரை விரல் கூடுதலாக விட்டு, கட்டியைச் சுற்றிக் கோடு போட்டார்.

"குறிச்ச துணியை நான் மறுநாளுக்கு மேல வெட்டாம வெச்சதில்ல. முடியாதுன்னா சொல்லுங்க, வேற கடை பாத்துக்கறேன்."

மருத்துவர் குனிந்து, கட்டியைச் சுற்றித் தான் வெட்டும் அளவோடு ஒப்பிட்டு, அந்தக் கோட்டில் குறை தேடினார். கிடைக்கவில்லை.

"காலைல வெறும் வயித்தோட இருங்க" என்றார்.

"இருக்கேன். மாநாட்டுல தழும்பைக் காட்டிக்கலாம். தையல் மட்டும் கோணாம போடுங்க."