பெயிண்டர் உட்கார்ந்து பார்த்த கடைசி பெஞ்சு

நாலாம் வகுப்பு அறையில் அன்று வந்திருந்தவர்கள் இவர்கள்தான்: முன் பெஞ்சில் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பின்னால், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காய்கறிக் கடை அம்மா. நடு வரிசையில், முழங்கால் இடிக்கிறதென்று காலை வெளியே நீட்டிக்கொண்டு லாரி டிரைவர். கடைசி பெஞ்சின் வலது ஓரத்தில் பெயிண்டர். மற்ற இடமெல்லாம் காலி. எல்லோரும் அவரவர் பிள்ளை உட்காரும் இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் வெளியே வராந்தாவில்.

பெயிண்டர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் மனசாக வரவில்லை. அவருடைய மகள் சிட்டு எதையும் முழுசாக எழுதுவதில்லை, கணக்கில் பாதி, பாடத்தில் பாதி. இப்படியே போனால் மறுபடி மூன்றாம் வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். 'அரைப்பக்கம்' என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் பட்டமே வைத்துவிட்டார்கள். கேட்ட அன்று பெயிண்டர் மகளை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியூர் மில்லில் வேலை பார்க்கும் மனைவி போனில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"ஒரு தடவையாச்சும் அந்த ஸ்கூல் பக்கம் போய்ப் பாருங்களேன்."

"ஏம்மா, அந்த ஸ்கூலுக்கு என்னைவிட யாரு செஞ்சிருக்கா? லீவுல கூலி வாங்காம போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தேனே! பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. முகம் பாக்கலாம்."

"முகம் பாக்கவா போர்டு வச்சிருக்காங்க? உங்க பொண்ணைப் போய்ப் பாருங்க."

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர், வருஷம் வீணாகிவிடும் என்றதும்தான் கிளம்பினார். வந்ததும் தன் கைவேலையைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். இன்னும் பளபளப்புக் குறையவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

"நான் போர்டுல கொஞ்சம் கணக்கு எழுதறேன். உங்க பிள்ளைங்க மாதிரியே நீங்களும் பாத்து எழுதுங்க" என்றார் டீச்சர்.

"தப்பாப் போட்டா முட்டி போடச் சொல்வீங்களா டீச்சர்?" என்றார் லாரி டிரைவர்.

"நீங்க வந்ததே பெரிசு. இருக்கிற முட்டியைப் பத்திரமா வச்சுக்குங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. பெயிண்டரும் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார். இடது பக்கத்துக் கணக்கை எழுதினார். அடுத்ததைப் பார்க்க நிமிர்ந்தார்.

அங்கே கணக்கு இல்லை. பின்சுவர் ஜன்னலின் வெளிச்சம் போர்டில் பட்டு, வலது பக்கம் முழுக்க ஒரே வெள்ளையாக மின்னியது. தலையைச் சாய்த்தார். எம்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. குனிந்து தன் தாளைப் பார்த்தார். பாதிதான் எழுதியிருந்தது.

பெயிண்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"டீச்சர், மறைக்குது" என்றார்.

லாரி டிரைவர் திரும்பினார். "நான்தான் மலை மாதிரி உக்காந்திருக்கேன். குனிஞ்சுக்கட்டுமா?"

"நீங்க இல்லண்ணே. நான்தான் மறைக்கிறேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீச்சர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். போர்டைப் பார்த்தார்.

"பெயிண்ட் பளபளப்புல எழுத்தே தெரியலயே. சாக்பீஸ் வழுக்குதேன்னு அழுத்தி அழுத்தி எழுதிட்டிருந்தேன். ஒரு நாளாவது இங்க வந்து உக்காந்து பாத்திருக்கலாம். எனக்கும் தோணலயே" என்றார்.

பெயிண்டர் வராந்தாவுக்கு ஓடினார். மகளின் முன்னால் மண்டியிட்டார்.

"ஏண்டா சிட்டு, போர்டு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சிட்டு காலால் தரையைத் தேய்த்தாள். "இது எங்கப்பா அடிச்ச பெயிண்ட்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன்ப்பா. அப்புறம் எப்படித் தெரியலன்னு சொல்றது?"

பெயிண்டர் அவளை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பெயிண்டர் உப்புத்தாளைப் போட்டுப் போர்டைத் தேய்த்தார். லாரி டிரைவர், "கிளீனர் வேலைக்கு ஆள் வேணுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மறுபக்கம் தேய்த்தார். காய்கறிக் கடை அம்மா ஜன்னலுக்குத் திரை மாட்டினாள். கேள்விப்பட்டு, அன்று கூட்டத்துக்கு வராதவர்களும் வந்து சேர்ந்தார்கள். பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, அது காயக் காய, பெயிண்டர் ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷைக் கழுவினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பை டீச்சர் போர்டு நிறைய எழுதி, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னார். சிட்டுவை முன்னால் வரச் சொன்னதற்கு, "வேணாம் டீச்சர், இங்கேயே எல்லாம் தெரியுது" என்று கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஓரத்துக் கடைசி வார்த்தை வரை ஒன்றையும் விடாமல் எழுதி முதலில் நீட்டியவளும் அவள்தான். மூன்றாம் வகுப்புப் பேச்சை டீச்சர் அதோடு விட்டுவிட்டார். "இனிமே இவ முழுப்பக்கம்" என்று பிள்ளைகளே பட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

"இதை அம்மாவுக்கு அனுப்பணும்ப்பா" என்று வீட்டுக்கு வந்ததும் தாளை நீட்டினாள் சிட்டு.

பெயிண்டர் அதை முழுசாகப் படித்தார். பிறகு, அடியில் தன் கையால் எழுதத் தொடங்கினார்:

"நீ சொன்னதுதான் சரி. முகம் பாக்கறதுக்கு இல்ல போர்டு. பள்ளிக்கூடத்துக்குப் பொருள் கொடுத்துட்டா நம்ம கடமை முடிஞ்சு போச்சுன்னு இருந்துட்டேன். பிள்ளைக்குப் படிப்பு வரலன்னு திட்டறதுக்கு முன்னாடி, பெத்தவங்க பள்ளிக்கூடத்துக்குப் போகணும். பிள்ளை உக்கார்ற இடத்துல ஒரு தடவை உக்காந்து பாக்கணும். பள்ளிக்கூடம் டீச்சருக்கு மட்டும் சொந்தமில்ல, நமக்கும்தான். அடுத்த கூட்டத்துக்கு லீவு சொல்லிட்டு வந்துடு. கடைசி பெஞ்சுல உனக்கும் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

சிட்டு உறையின் ஓரத்தில் பசை தடவினாள். பெயிண்டர் விரலால் அழுத்தி ஒட்டினார். தெருமுனைத் தபால்பெட்டிக்கு அவளைத் தூக்கிப் பிடித்தார். அவளே கடிதத்தை உள்ளே போட்டாள்.