அழுத்தம் இருக்கா?

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஆயிரக்கணக்கான தாடைகளைப் பார்த்தாயிற்று. பல் பிடுங்கிய குழி, கிணறு தூர்வது மாதிரி அடியிலிருந்து மெல்ல மெல்ல எலும்பால் தூர்ந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஐந்து மாதமாகியும் படத்தில் குழி கன்னங்கரேலென்று கிடந்தது.

"சர்க்கரை இல்ல, சிகரெட் இல்ல. ஏதாவது அழுத்தம் இருக்கா சார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நூத்தி இருபதுக்கு எண்பது டாக்டர். போன வாரம்தான் பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க கேக்குறது மன அழுத்தம். இவருக்கு ஏது அதெல்லாம்? இடி விழுந்தாலும் குறட்டை விடுற மனுஷன்" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மாசக்கணக்கா மனசுல பயம் இருந்தா எலும்பு வளர்றது தாமதமாகலாம். உடம்பு முதல்ல ஆபத்தைத்தான் கவனிக்கும். ஆத்துற வேலைய அப்புறம்னு தள்ளிப் போட்டுடும்."

என் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் சிக்னல் போடுகிறவர். வீட்டில் ஓயாமல் கேலி பேசுகிற வாய் இப்போது திறந்தபடியே நின்றது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏழு மாசம் ஆச்சு. தப்பான தண்டவாளத்துல வண்டிய விட்டுட்டேன். அங்க இன்னொரு வண்டி நின்னுட்டிருந்துச்சு. டிரைவர் பார்த்து நிறுத்திட்டார், இருநூறு அடிதான் இடைவெளி. நான் சிக்னல் கோளாறுன்னு எழுதிட்டேன். சிக்னல் ரிப்பேர் பாக்குறவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

கூடவே உண்டு உறங்கிய எனக்குத் தெரியவில்லை. தாடைக்குள் ஒரு பட்டாணி அளவுக் குழிக்குத் தெரிந்திருக்கிறது. கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"பாவி மனுஷா, அந்த ஆளுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கும்ல?"

மறுநாள் அதிகாரியிடம் உண்மையை எழுதிக் கொடுத்தார். பேனாவை நான்தான் நீட்டினேன். ரிப்பேர்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இவரைப் பார்சல் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தேன். குழியின் அடியில் வெள்ளை வெள்ளையாக நூலிழைகள். எத்தனையோ தாடைகளில் பார்த்ததுதான், ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். யாரும் சொல்லாமலே, உள்ளே யாரோ உட்கார்ந்து பின்னுகிற மாதிரி இருந்தது. அந்தக் கடிதத்தால்தானா என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாதிதானே தூர்ந்திருக்கு?"

"பின்ன? பேப்பர்லதானே உண்மையச் சொன்னீங்க. அந்த ஆள் முகத்தப் பார்த்துச் சொன்னீங்களா?"

படத்தில் இன்னும் கறுப்பாகக் கிடந்த பாதியை விரலால் தொட்டார்.

"தனியாப் போக பயமா இருக்கு. நீயும் வர்றியா?" என்றார்.

எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பினேன்.